விண்மீன் பேரவையில் கணினி யாருக்கு வாக்களிக்கும்? – வாசகர் கேள்வி பதில்

விண்வெளிப் பேரரசுகளை ஆளும் வியூக விளையாட்டுகளில், எல்லாப் பேரரசுகளும் வாக்களிக்கும் பேரவை கூடும்போது, கணினி ஆடும் பேரரசுகள் எதை வைத்து முடிவெடுக்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஒரே சந்தேகத்தை எழுப்பிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 1993-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ ஆடுகிறேன். மக்கள்தொகையில் நான்தான் முதலிடம். இரண்டு பேரரசுகள் என் கூட்டாளிகள், பேரவையில் எனக்கே வாக்களிக்கிறார்கள். எதிர் வேட்பாளரைத் தவிர மற்றவர்கள் எனக்கு எதிராகக்கூட வாக்களிப்பதில்லை; ஒதுங்கிக்கொள்கிறார்கள். இருந்தும் விண்மீன் மண்டலத் தலைவராக நான் தேர்வாவதில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் நட்பில் குறையில்லை, கணக்கில்தான் இடிக்கிறது. இந்த விளையாட்டில் வெல்ல மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்தப் பங்கை, விழுந்த வாக்குகளை வைத்துக் கணக்கிடுவதில்லை. அவையில் உள்ள மொத்த வாக்குகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒதுங்கி நிற்பவரும் உங்களைத் தோற்கடிக்கிறார்.

எண்களாகப் பார்ப்போம். மொத்தம் 60 வாக்கு என்று வையுங்கள். உங்களுக்கு 22, எதிர் வேட்பாளருக்கு 15, மற்ற மூவருக்கு 9, 8, 6. வெல்ல 40 தேவை. 9-ம் 8-ம் உங்கள் பக்கம் நின்றாலும் 39தான் ஆகிறது. 6 வாக்குக்காரர் ஒதுங்கினால் ஒரே வாக்கில் கைநழுவுகிறது.

ஒரு வாக்குதானே, பேரவை மறுபடி கூடும் 25 ஆண்டுக்குள் மக்களைப் பெருக்கிவிடலாம் என்று தோன்றும். நீங்கள் 23 ஆனால் மொத்தம் 61. தேவை 41, கையில் 40. நீங்கள் 24 ஆனால் மொத்தம் 62; தேவை 42, கையில் 41. நீங்கள் 25-ஐத் தொட்ட பிறகுதான் மொத்தம் 63, தேவை 42, கையிலும் 42. ஒரு வாக்குக் குறையை வளர்ச்சியால் அடைக்க மூன்று வாக்கு வளர வேண்டியிருக்கிறது, அதுவும் மற்றவர்கள் வளராமல் இருந்தால். எதிர் வேட்பாளரின் பலம் 15-இலிருந்து 13-ஆக இறங்கினாலோ மொத்தம் 58, தேவை 39. உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

அதற்காக உடனே படையெடுக்காதீர்கள். இந்த விளையாட்டில் தரைப்படை என்பது உங்கள் மக்கள்தொகையிலிருந்து பிடுங்கி அனுப்பும் ஆட்களே. வாக்கோ மக்கள்தொகையைப் பொறுத்தது. பேரவை கூடும் தறுவாயில் பெரும் படையை ஏற்றி அனுப்பினால் உங்கள் வாக்கு நீங்களே செலவழித்த வாக்காகிவிடும். படையெடுப்பதாக இருந்தால் பேரவை முடிந்த கையோடு தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்குள் காலியான கோள்கள் மறுபடி நிறைந்துவிடும். அதோடு கோளைச் சீரமைக்கும் நுட்பங்களையும், மண்வளம் கூட்டும் நுட்பத்தையும் ஆராய்ச்சியில் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இவை கோளின் உச்ச மக்கள்தொகையை உயர்த்துபவை. தொழிற்சாலைகளுக்கு அவையில் வாக்கு கிடையாது.

உங்கள் ஆட்டத்தில் உண்மையான சாவி அந்த 6 வாக்குக்காரரிடம் இருக்கிறது. வேட்பாளர் தனக்கே வாக்களித்துக்கொள்வார். மற்றவர்கள் இரண்டு வேட்பாளர்களோடும் தங்களுக்குள்ள உறவை ஒப்பிடுவார்கள்: போரா, உடன்படிக்கையா, அண்மையில் நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா என்று. இருவர் மீதும் ஒரே மாதிரி மனநிலை இருந்தால் ஒதுங்கிவிடுவார்கள். அந்தச் சமநிலையை உடைக்க இரண்டு வழி உண்டு. உங்களை உயர்த்துவது ஒன்று: வணிக ஒப்பந்தம், போர் தவிர்ப்பு உடன்படிக்கை, நுட்பமோ பணமோ பரிசு. பரிசால் கூடும் நல்லெண்ணம் நாளாக நாளாகப் பழைய நிலைக்கு இறங்கும் என்பதால், பேரவைக்கு மிக முன்னதாகவே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். இன்னொன்று எதிர் வேட்பாளரைத் தாழ்த்துவது: உங்கள் ஒற்றர்கள் பிடிபடாமல் வேலையை முடிக்கும்போது, பழியை வேறொரு பேரரசின் மேல் போட வாய்ப்பு வரும். 6 வாக்குக்காரரிடம் ஒற்று வேலை செய்து, பழியை எதிர் வேட்பாளர் மீது சுமத்தினால் ஒரே செயலில் இரண்டு பயன். உயிரி ஆயுதங்களை மட்டும் தொடாதீர்கள். யார் மீது வீசினாலும் எல்லோரும் உங்களை வெறுப்பார்கள்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மக்கள்தொகையில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களே வேட்பாளர்கள். அப்படியானால் உங்கள் எதிரி யார் என்பதை ஓரளவு நீங்களே முடிவு செய்யலாம். இரண்டாம் இடத்துக்காரர் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்தவராகவும், மூன்றாம் இடத்துக்காரர் ஊரெல்லாம் பகைத்துக்கொண்டவராகவும் இருந்தால், இரண்டாமவரைச் சற்றே தேயவிட்டு மூன்றாமவரை வேட்பாளர் இடத்துக்கு வரவிடுவது நல்ல ஆட்டம். நீங்கள் இரண்டாமவரை நசுக்கும்போது மேலே வருவது யார் என்று பார்க்காமல் நசுக்குவது கெட்ட ஆட்டம்.

கேள்வி: கணினி நான் வாக்களிக்கும் முன்பே என் முடிவைத் தெரிந்துகொண்டு வாக்களிக்கிறதா?

பதில்: அப்படித் தேவைப்படுவதே இல்லை. யாரை ஆதரிப்பது என்று முடிவெடுக்கக் கணினி ஒரு மதிப்பெண் போடுகிறது; அதைத் தன் உறவு, தன் நலன் இவற்றிலிருந்தே கணக்கிடுகிறது. உங்கள் போர்களும் பரிசுகளும் அந்தக் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருப்பதால், உங்கள் மனதைப் படித்தது போலத் தோன்றுகிறது.

கேள்வி: ‘ஸ்டெல்லாரிஸ்’ விளையாட்டில் ஒரு பேரரசோடு எனக்கு மிக நல்ல உறவு. ஆனால் நான் கொண்டுவரும் தீர்மானத்தை அது எதிர்க்கிறது. உறவுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: மதிப்பு உண்டு. ஆனால் முதலிடம் அதற்கில்லை. 2016-இல் வந்த ‘ஸ்டெல்லாரிஸி’ல், 2020 மார்ச்சில் ‘ஃபெடரேஷன்ஸ்’ விரிவாக்கத்தோடு விண்மீன் சமூகம் என்ற அவை சேர்ந்தது. இங்கே நடப்பது பெரும்பாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு அல்ல. சட்டத்தைப் பற்றிய வாக்கெடுப்பு. ஆகவே கணினி முதலில் பார்ப்பது, இந்தச் சட்டம் என் நெறிமுறைகளுக்கு ஒத்துவருமா, நாளையே நான் சட்டத்தை மீறியவன் ஆகிவிடுவேனா என்பதைத்தான். அடிமைகளை வைத்திருக்கும் பேரரசு உங்களுக்கு எவ்வளவு நெருக்கமானாலும், அடிமை வணிகத் தடையை ஆதரிக்காது. தடை வந்தால் இழப்பு அதற்கு.

தீர்மானங்கள் படிப்படியாக வருவதையும் கவனியுங்கள். ஒரே துறையில் முதல் படி லேசாக இருக்கும், அடுத்தடுத்த படிகளில் கெடுபிடி கூடும். முதல் படியை ஆதரித்த நண்பர் மூன்றாம் படியில் எதிர்ப்பது துரோகம் இல்லை. அவர் கணக்கில் இலாபம் இருந்த இடத்தில் இப்போது நட்டம் வந்திருக்கிறது. ஆதரவு வற்றும் படி எது என்று முன்கூட்டியே பார்த்து, அதற்கு ஒரு படி முன்னால் நின்றுகொள்வது செல்வாக்கை மிச்சப்படுத்தும். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் செல்வாக்குப் புள்ளி செலவாகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே எண்ணும் முறையும் முதல் கேள்வியில் சொன்னதற்கு மாறானது. ஒவ்வொரு பேரரசின் வாக்குக்கும் ஓர் எடை உண்டு; ஆதரவு எடை எதிர்ப்பு எடையைத் தாண்டினால் தீர்மானம் நிறைவேறும். ஒதுங்கியவரின் எடை எந்தப் பக்கமும் சேராது. அதனால் இங்கே ஓர் எதிர்ப்பாளரை ஆதரவாளராக்க முடியாவிட்டாலும், ஒதுங்க வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அவர் எடை 1,200 என்றால் எதிர்ப்பு மாறி ஒதுங்கும்போது இடைவெளி 1,200 சுருங்கும், ஆதரவாக மாறினால் 2,400 சுருங்கும்.

எடை எங்கிருந்து வருகிறது? கடற்படை போன்ற உங்கள் விண்படையின் வலிமை, பொருளாதாரம், தொழில்நுட்பம், மக்கள்தொகை ஆகிய நான்கிலிருந்து. அதன் மேல் தூதர்களை இந்த அவைக்கு நியமித்தால் கூடும். தூதர்களை எல்லாம் உறவு வளர்க்க அனுப்பிவிட்டு அவையில் ஒருவரையும் வைக்காமல் இருப்பது பரவலாக நடக்கும் பிழை. முக்கியமான தீர்மானம் அவைக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் தூதர்களை இங்கே மாற்றுங்கள்.

கடைசிக் கருவி, நன்றிக் கடன். மற்றப் பேரரசு உங்களுக்குப் பட்டிருக்கும் கடன் ஒன்றுக்கு, அதன் எடையில் 10 சதவீதத்தை உங்கள் வாக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பேரரசிடம் அதிகபட்சம் 10 கடன் சேர்க்கலாம். இடைவெளி 900, உங்களுக்குக் கடன்பட்டவரின் எடை 1,500 என்றால் ஒரு கடனுக்கு 150. ஆறு கடனில் சமநிலைதான் வரும், ஏழாவதில்தான் தாண்டுவீர்கள். பயன்படுத்திய கடன் தீர்ந்துவிடும். ஆகவே எடை மிகுந்த பேரரசின் கடன்களை அமைதிக் காலத்திலேயே வணிக ஒப்பந்தங்களில் கேட்டு வாங்கி வையுங்கள். எடையற்ற சிறு பேரரசின் பத்துக் கடன், பெரிய பேரரசின் ஒரு கடனுக்கு ஈடாகாமல் போவதும் உண்டு.

கேள்வி: கடினநிலையைக் கூட்டினால் கணினி இன்னும் பிடிவாதமாக வாக்களிக்குமா?

பதில்: ‘ஸ்டெல்லாரிஸி’ல் நடப்பது வேறு. கடினநிலை உயர்ந்தால் கணினிப் பேரரசுகளுக்கு வள உற்பத்தியில் சலுகை கிடைக்கிறது. அதனால் பொருளாதாரமும் படையும் பெருத்து அவற்றின் எடை கூடுகிறது. மனநிலை அதேதான், கைக்குள் இருக்கும் எடை மட்டும் பெரிது. உயர்ந்த கடினநிலையில் ஆட்டத்தின் முதல் பாதியில் நீங்கள் தனித்து எதையும் நிறைவேற்ற முடியாது என்று வைத்துக்கொண்டு, கூட்டமைப்பில் சேர்ந்து நகர்வதே சரி.

கேள்வி: ‘ஆல்ஃபா சென்டாரி’யில் கோள் ஆளுநர் தேர்தலில் சுலபமாக ஜெயிக்கிறேன். அதன் பிறகு நான் கொண்டுவரும் தீர்மானங்களில் தோற்கிறேன். அதே அவை, அதே ஆட்கள். எப்படி?

பதில்: 1999-இல் வந்த இந்த விளையாட்டில் ஒரே அவைக்குள் இரண்டு எண்ணும் முறை இருக்கிறது. ஆளுநர் தேர்தலிலும் உச்சத் தலைவர் தேர்தலிலும் மக்கள்தொகைக்கு ஏற்ப வாக்கு. மற்றத் தீர்மானங்களில் பிரிவுக்கு (போட்டியிடும் அணிக்கு) ஒரு வாக்கு. மூலப் பதிப்பில் ஏழு பிரிவுகள். எல்லோரும் உயிரோடு இருந்தால் நான்கு வேண்டும். நீங்கள் மக்கள்தொகையில் மலைபோல் உயர்ந்து நின்றாலும் உலக வணிக உடன்படிக்கைக்கு உங்கள் வாக்கு ஒன்றே.

இரண்டுக்கும் தயாரிப்பு வேறு. தேர்தலுக்கு: அமைதிப் படையினர் பிரிவை எடுத்தால் வாக்கு இரட்டிப்பு. எம்பத் கில்டு என்ற இரகசியத் திட்டம் (ஆட்டத்தில் ஒருவர் மட்டுமே கட்டக்கூடியது) 50 சதவீதம் கூட்டும், கிளினிக்கல் இம்மார்ட்டாலிட்டி திட்டம் இரட்டிப்பாக்கும். உச்சத் தலைவராக மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பதால், இந்தத் திட்டங்களை எதிராளி கட்டிவிட்டால் உங்கள் அரசியல் வெற்றி அநேகமாகப் போய்விட்டது என்று கொள்ளுங்கள்.

தீர்மானத்துக்கு: மிகச் சிறிய, நலிந்த பிரிவுகளிடம் போங்கள். அவர்களின் ஒரு வாக்கும் பெரியவரின் ஒரு வாக்கும் சமம், விலையோ குறைவு. அவை நடக்கும்போது பேச்சுவார்த்தையில் ஆற்றல் வரவோ (இந்த ஆட்டத்தின் பணம்) ஒரு தொழில்நுட்பமோ கேட்பார்கள். பழைய, மற்றவர்கள் எப்படியும் விரைவில் அடையப்போகும் நுட்பத்தைக் கொடுங்கள். ஆயுத நுட்பத்தைக் கொடுத்து வாக்கு வாங்கினால் பத்துச் சுற்றுக்குள் அந்த ஆயுதம் உங்கள் எல்லைக்கு வரும். உங்களோடு நேரடிப் பகையில் இருப்பவரிடம் நேரத்தை வீணாக்காதீர்கள், விற்க மாட்டார்.

ஆளுநர் பதவியை இந்த இரண்டையும் இணைக்கும் பாலமாகப் பயன்படுத்துங்கள். ஆளுநருக்கு எல்லாப் பிரிவுகளின் உள் தகவலும் தெரியும், தீர்மானத்தை ரத்து செய்யும் எதிர்வாக்கு அதிகாரமும் உண்டு. யாரிடம் பணம் வறண்டிருக்கிறது, யாருக்கு எந்த நுட்பம் இல்லை என்று பார்த்துவிட்டு அவையைக் கூட்டுபவரும், கண்ணை மூடிக்கொண்டு கூட்டுபவரும் ஒரே விலைக்கு வாக்கு வாங்குவதில்லை.

கேள்வி: வாக்கெடுப்புக்கு முன் சேவ் செய்து, மறுபடி லோடு செய்தால் சில நேரம் முடிவு மாறுகிறது, சில நேரம் மாறுவதில்லை. ஏன்?

பதில்: மதிப்பெண்ணோடு சிறிய தற்செயல் எண் ஒன்றைச் சேர்க்கும் விளையாட்டுகளில், அந்த எண்ணுக்கான விதை (தற்செயல் எண்ணைப் பிறப்பிக்கும் தொடக்க எண்) சேவ் கோப்பிலேயே பதிவாகியிருந்தால் எத்தனை முறை லோடு செய்தாலும் அதே முடிவு. பதிவாகாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்தால் மாறும். பத்து முறை லோடு செய்ததில் ஒரே ஒரு பேரரசின் வாக்கு மட்டும் ஊசலாடினால், அது வரம்புக் கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது என்று அர்த்தம். பரிசு கொடுக்க வேண்டிய ஆள் அவர்தான்.

கேள்வி: பொழுதுபோக்காகச் சொந்தமாக ஒரு விண்வெளி வியூக விளையாட்டு எழுதுகிறேன். பேரவை வைத்திருக்கிறேன். ஆனால் கணினிப் பேரரசுகள் எந்தத் தீர்மானத்துக்கும் ‘வேண்டாம்’ என்றே வாக்களிக்கின்றன. ஒரு திருத்தம் செய்தேன், இப்போது எல்லோரும் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்கிறார்கள். எப்படிச் சீராக்குவது?

பதில்: உங்கள் நிரலைப் பார்க்காமலே இரண்டு காரணங்களை ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் இந்த வேலையில் இறங்கும் பலரும் சறுக்கும் இடங்கள் இவை.

முதலாவது, தீர்மானத்தின் செலவை மட்டும் எண்ணுகிறீர்கள். ‘இந்தச் சட்டம் வந்தால் மாதம் 20 வரவு குறையும், ஆகவே வேண்டாம்.’ எதனோடு ஒப்பிட்டுக் குறையும்? தீர்மானம் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டு, இரண்டின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். தோற்றால் அண்டைப் பேரரசு தடையின்றி வளரும் என்றால், 20 வரவு இழப்பும் இலாபமே.

இரண்டாவது, அவரவர் நலனைத் தனித்தனியாக எண்ணுகிறீர்கள். எல்லோருக்கும் வணிக வரவு 10 சதவீதம் கூடும் என்ற தீர்மானத்தைத் தனியாகப் பார்த்தால் எல்லோருக்கும் இலாபம், எல்லோரும் ‘சரி’ என்பார்கள். ஆனால் ஆட்டத்தில் ஒருவர்தான் வெல்ல முடியும். 1,000 வரவு உள்ளவருக்கு 100 கூடுகிறது, 200 வரவு உள்ளவருக்கு 20. சிறியவர் தன் இலாபத்திலிருந்து முன்னணியில் இருப்பவரின் இலாபத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பங்கு 0.3 என்றால் 20 கழித்தல் 30, அதாவது கழித்தல் 10. இப்போது சிறியவர் எதிர்ப்பார், பெரியவர் ஆதரிப்பார்; அவையில் விவாதம் பிறக்கும். 0.3-இல் தொடங்கிப் பாருங்கள். 0.5-ஐத் தாண்டினால் முன்னணி வீரர் எதைக் கொண்டுவந்தாலும் மொத்த அவையும் எதிர்க்கும் நிலை வந்துவிடும். மனித ஆட்டக்காரர் பெரும்பாலும் முன்னணியில் இருப்பார் என்பதால் அவருக்கு அவையே வெறுத்துப்போகும்.

இனி மதிப்பெண். நலன், உறவு, கொள்கை மூன்றையும் கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரையிலான ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் ஒன்று ஆயிரங்களிலும் மற்றொன்று பத்துகளிலும் இருந்தால், பெரிய எண் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். பிறகு நலனுக்கு 0.5, முன்மொழிந்தவரோடு உள்ள உறவுக்கு 0.3, கொள்கைக்கு 0.2 என்று பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டல் 10-க்கு மேல் ஆதரவு, கழித்தல் 10-க்குக் கீழ் எதிர்ப்பு, இடையில் ஒதுங்கல்.

நலன் கழித்தல் 10, உறவு 60, கொள்கை 20 என்றால்: கழித்தல் 5, கூட்டல் 18, கூட்டல் 4. மொத்தம் 17, ஆதரவு. அதே தீர்மானத்தைப் பகைவர் முன்மொழிந்து உறவு கழித்தல் 80 ஆனால்: கழித்தல் 5, கழித்தல் 24, கூட்டல் 4. கழித்தல் 25, எதிர்ப்பு. தீர்மானம் ஒன்றே, கொண்டுவந்தவர் மாறியதால் வாக்கு மாறுகிறது. இது விரும்பத்தக்கது, நண்பர் மூலமாகத் தீர்மானத்தைக் கொண்டுவரலாமே என்ற யோசனை ஆட்டக்காரருக்கு இதிலிருந்துதான் வரும். ஒதுங்கல் பட்டையை, அதாவது கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வரையிலான இடைவெளியை, அகலமாக்கினால் உங்கள் எண்ணும் விதியையும் பாருங்கள். மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு கேட்கும் அவையில் அகலமான பட்டை இருந்தால் எதுவுமே நிறைவேறாது; உங்கள் முதல் சிக்கல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

தற்செயல் எண்ணாகக் கூட்டல் கழித்தல் 8 வரை சேர்க்கலாம். அதைத் திரையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எடுக்காதீர்கள், வாக்கு கண் முன்னே துள்ளும். தீர்மானத்தின் எண்ணையும் பேரரசின் எண்ணையும் சேர்த்து விதையாக்கி, தீர்மானம் பிறக்கும்போது ஒரே முறை எடுத்துச் சேமியுங்கள். போன முறை இதே விஷயத்தில் ஆதரித்தவருக்குக் கூட்டல் 5 தந்தால், பேரரசுகளுக்கு ஒரு நிலையான குணம் வரும்.

வாக்குக்கு விலை வைப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். வாக்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை வைத்தால் ஆட்டக்காரர் இரண்டே நாளில் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். மூன்று பேரரசுகள், 50, 49, 1 வாக்கு, நிறைவேற 51 தேவை என்று கொள்ளுங்கள். வெல்லும் கூட்டணிகள் மூன்றுதான்: 50-ம் 49-ம், 50-ம் 1-ம், மூவரும். எத்தனை கூட்டணிகளில் ஒருவர் விலகினால் கூட்டணி தோற்கும் என்று எண்ணினால் 50 வாக்குக்காரருக்கு 3, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 1. ஒற்றை வாக்கு வைத்திருப்பவரும் 49 வாக்கு வைத்திருப்பவரும் ஒரே பலம் உடையவர்கள். லயனல் பென்ரோஸ் 1946-இலும், ஜான் பான்சாஃப் 1965-இலும் எழுதிய அளவுகோல் இது. பத்துப் பேரரசுகள் இருந்தால் 1,024 கூட்டணிகள், கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம். இருபதைத் தாண்டினால் பத்து இலட்சத்துக்கு மேல் போகும். அப்போது சில ஆயிரம் கூட்டணிகளைத் தற்செயலாக எடுத்து மதிப்பிட்டால் போதும். விலையை இந்தப் பலத்தால் பெருக்கி, அந்தப் பேரரசின் மதிப்பெண் ஆதரவு வரம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதாலும் பெருக்குங்கள். கழித்தல் 60-க்குக் கீழே இருப்பவர் எந்த விலைக்கும் விற்கக் கூடாது.

சோதிக்க, மனிதர் இல்லாமல் ஆயிரம் வாக்கெடுப்புகளை ஓடவிட்டு எத்தனை நிறைவேறின என்று எண்ணுங்கள். நூற்றுக்கு 35 முதல் 60 வரை நிறைவேறினால் அவை உயிரோட்டமாக இருக்கும் என்பது எங்கள் கருத்து. 10-க்குக் கீழே என்றால் ஒதுங்கல் பட்டையையும் எண்ணும் விதியையும் முதலில் பாருங்கள், பெருக்கு எண்களை அப்புறம் தொடலாம். தயவுசெய்து வாக்குக்கான காரணத்தைத் திரையில் காட்டுங்கள். மதிப்பெண்ணில் பெரிய இரண்டு காரணிகள் போதும்: ‘உறவு காரணமாக ஆதரவு, வரவு இழப்பால் தயக்கம்.’ காரணம் தெரியாத வாக்கை ஆட்டக்காரர் நிரலின் பிழை என்றே நினைப்பார்.

கேள்வி: விளையாட்டின் உள்ளே என்ன சூத்திரம் இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: சிலவற்றில் நேராகவே படிக்கலாம். ‘ஸ்டெல்லாரிஸ்’ நிறுவிய கோப்புறையில் தீர்மானங்கள் சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கின்றன. ‘ஆல்ஃபா சென்டாரி’யின் விதிகள் பலவும் ஆல்ஃபா என்ற உரைக் கோப்பில் (விரிவாக்கப் பதிப்பில் ஆல்ஃபாக்ஸ்) உள்ளன, தீர்மானங்களின் பட்டியலும் அதில் உண்டு. அட்டைகளை இறக்கி வாக்கை இருபக்கமும் இழுக்கும் ‘ஸ்டார் ரூலர் 2’ 2018-இல் திறந்த மூலமாக (நிரலை யாரும் படிக்கும்படி) வெளியிடப்பட்டது. ‘மாஸ்டர் ஆஃப் ஓரிய’னை ஒட்டி ஜாவாவில் எழுதப்பட்ட ‘ரெம்னன்ட்ஸ் ஆஃப் த பிரிகர்சர்ஸ்’ விளையாட்டின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பேரவையில் கணினி வாக்களிக்கும் பகுதியை வரிவரியாகப் படித்துக் கற்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

படிக்க முடியாத விளையாட்டுகளில், வாக்கெடுப்புக்குச் சில சுற்றுகள் முன்னால் ஒரு சேவ் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல் ஐந்து முறை ஓடவிட்டு, எந்த வாக்கு தானாக ஆடுகிறது என்று முதலில் குறியுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் தற்செயல் மாற்றத்தைத் தங்கள் பரிசின் பலன் என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு பரிசு, அடுத்த முறை பரிசு இல்லாமல் ஓர் உடன்படிக்கை, அடுத்த முறை முன்மொழிபவரை மாற்றுவது. எந்த மாற்றத்துக்கு எத்தனை வாக்கு நகர்ந்தது என்று தாளில் எழுதினால், ஆறேழு ஓட்டங்களில் உறவு பெரிதா நலன் பெரிதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ‘ஸ்டெல்லாரிஸி’ல் என்னைக் கண்டிக்கும் தீர்மானம் வரிசையில் நிற்கிறது. எடை எனக்குச் சாதகமாக இல்லை. தடுக்க என்ன செய்யலாம்?

பதில்: வரிசையில் நிற்கும் கட்டத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். முன்மொழிவுகளில் எதற்கு அதிக எடை ஆதரவாக இருக்கிறதோ அதுதான் அவைக்குப் போகும். ஆகவே உங்களுக்குத் தொல்லை தராத, பலருக்கும் பிடித்த வேறொரு முன்மொழிவுக்கு உங்கள் எடையையும் நண்பர்கள் எடையையும் கொடுத்து முன்னே தள்ளுங்கள். கண்டனம் பின்னால் போகும், உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

அந்த நேரத்தில் கண்டனத்தை ஆதரிப்பவர்களில் எடை மிகுந்தவரைப் பாருங்கள். அவர் உங்களைப் போட்டியாளராக அறிவித்திருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்தவரிடம் போங்கள். தூதரை அனுப்புங்கள், வணிக ஒப்பந்தத்தில் சற்று நட்டத்துக்கு ஒத்துக்கொண்டு நன்றிக் கடன் கேளுங்கள். நடுநிலையில் இருப்பவர்களைக் கண்டனத்துக்கு ஆதரவாகப் போகாமல் ஒதுங்கச் செய்வதே உங்கள் இலக்கு. சட்ட மீறல் காரணமாகக் கண்டனம் வருகிறது என்றால், தொடர்புடைய கொள்கையை மாற்றி மீறலை நீக்கிவிடுவது பல நேரங்களில் மலிவான வழி.

எடை மிகுந்த சில பேரரசுகள் மட்டும் அமரும் உச்சக் குழுவில் உங்களுக்கு இடம் இருந்து அதற்கு எதிர்வாக்கு அதிகாரமும் வழங்கப்பட்டிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; ஆனால் அதை நம்பி மற்ற ஏற்பாடுகளை விட்டுவிடக் கூடாது, எடை குறைந்தால் குழுவிலிருந்தே இறங்க நேரும். எதுவும் பலிக்காவிட்டால் சமூகத்தை விட்டு வெளியேறும் வழியும் இருக்கிறது. வெளியேறினால் நீங்கள் வாக்களிக்க முடியாது. நீங்கள் இல்லாத அவையில் உங்கள் பகைவர்களின் பங்கு கூடிவிடும் என்பதையும் எண்ணிப் பார்த்து அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.